வராதவர்களின் பேரவை

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற குடிமையியல் ஆசிரியை,
கல்லூரிப் பின்வாசல் தெரு.

பெறுநர்:
முதல்வர் அவர்கள்,
அரசு கலை அறிவியல் கல்லூரி.

பொருள்: மூன்றாம் மாடி வேதியியல் ஆய்வகத்துக்குச் செல்லும் மின்தூக்கி இயங்காதது – அதைக் கேட்க வேண்டிய மாணவர் பேரவையும் இயங்காதது – செய்முறைத் தேர்வுக்கு முன் நடவடிக்கை கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பில் தேர்தல் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், எலெக்‌ஷன்ல யாருமே நிக்கலன்னா என்ன ஆகும்?" என்று கேட்டாள். "அன்னிக்கு லீவு போட்டவங்க ஜெயிச்சிடுவாங்க" என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "அப்போ கஷ்டப்பட்டு வந்தவங்க?" என்றாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. நான் வேடிக்கையாகச் சொன்னது தங்கள் கல்லூரியில் நடைமுறையாகவே இருப்பதை இப்போது அறிந்து, கீழ்க்கண்டவற்றைப் பணிவுடன் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

1. அந்த மாணவி இன்று தங்கள் கல்லூரியில் வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சிறு வயது முதல் ஊன்றுகோல் பிடித்து நடப்பவள். ஓயாமல் கேள்வி கேட்பதால் பள்ளியிலேயே 'வக்கீல்' என்று பெயர் வாங்கியவள். அவளுடைய சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன்.

2. இப்பருவம் தொடங்கியது முதல் மின்தூக்கி ஓடவில்லை. கதவில் 'விரைவில் சரிசெய்யப்படும்' என்ற அட்டை தொங்குகிறது. அட்டை கிழிந்தபோது உடனே புதிய அட்டை மாட்டப்பட்டது. பராமரிப்புப் பணியே நடக்கவில்லை என்று நான் குறை சொல்ல மாட்டேன். வக்கீல் ஒவ்வொரு படியாக ஏறி ஆய்வகத்தை அடைவதற்குள் கதவைச் சாத்திவிடுகிறார்கள். தாமதமாக வருபவரை உள்ளே விடக் கூடாது என்பது விதியாம். இதனால் அவளுடைய வருகைப்பதிவு குறைந்துவிட்டது. இப்படியே போனால் செய்முறைத் தேர்வு எழுத முடியாது, ஓராண்டு வீணாகும்.

3. அவள் கட்டடப் பிரிவு அலுவலகத்தில் முறையிட்டாள். அங்கிருந்த எழுத்தர், "தனியா வந்து கேட்டா எப்படிம்மா? பேரவைத் தீர்மானம் போட்டு அனுப்பச் சொல்லு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மாணவர் கோரிக்கைகள் பேரவை வழியாகவே வர வேண்டும் என்பது தங்கள் சுற்றறிக்கை. கேட்பதற்கு நல்ல ஏற்பாடுதான். ஆகவே அந்தப் பேரவை எவ்வாறு உருவானது என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

4. வகுப்புப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்த நாளில் இரண்டாம் ஆண்டு வேதியியல் வகுப்பில் யாரும் நிற்க முன்வரவில்லை. "நமக்கெதுக்குடா வம்பு" என்று ஆளாளுக்குக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். பொறுப்பாசிரியருக்கு அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது. அன்று வராத ஒரு மாணவனைப் பிரதிநிதியாக எழுதிக்கொண்டு, "எதிர்ப்பின்றி, ஒருமனதாக" என்று அறிவித்தார். எதிர்க்க வேண்டியவன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்ததால் எதிர்ப்பு இல்லை என்பது உண்மையே.

அவர் அறிவித்து முடித்தபோது வக்கீல் மாடிப்படி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். "சார், நான் நிக்கிறேன்" என்றாள். பின்வரிசையிலிருந்து ஒருவன், "முடிஞ்சு போச்சு வக்கீல், வராதவனைப் போட்டாச்சு. நீதான் வந்துட்டியே!" என்றான். வகுப்பு சிரித்தது. எட்டாம் வகுப்பில் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

5. மற்ற வகுப்புகளிலும் இதே முறைதான் கையாளப்பட்டது என்று விசாரித்து அறிந்தேன். நீச்சல் குளத்துக்கு ஒரு காவலர் வேண்டும். அன்று குளத்தின் பக்கமே வராதவனைப் பார்த்து நியமித்தால் எப்படியிருக்கும்? அப்படித்தான் இருக்கிறது. பிறகு பிரதிநிதிகள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நாள் வந்தது. வந்திருந்த ஒருசிலரும் அதே வழியைப் பின்பற்றினார்கள். வராதவர்கள் நிறையப் பேர் இருந்ததால், அகர வரிசையில் யார் பெயர் முதலில் வருகிறதோ அவரே தலைவர் என்று முடிவானது.

6. அந்தத் தலைவர் என் தங்கை மகன். என் வீட்டில் தங்கித்தான் படிக்கிறான். வேதியியல் வகுப்பில் வராமலே பிரதிநிதியான மாணவனும் அவனே. கல்லூரி வாசலில் வாழ்த்துப் பதாகையைப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். "நான் தலைவரா? யார் பெரியம்மா சொன்னாங்க?" என்றான். "பேனர்ல உன் படம் இருக்கேடா" என்றேன். "எந்தப் படம்? நல்லா விழுந்திருக்கேனா?" என்பதுதான் தலைவரின் முதல் கேள்வி.

பேரவையைக் கூட்டு, மின்தூக்கிக்கு ஒரு தீர்மானம் போடு என்று பல முறை சொல்லிவிட்டேன். தலைவரைத் தேர்ந்தெடுக்க ஒருசிலர் போதுமாம், தீர்மானம் போடப் பாதிப் பேராவது வந்தால்தான் கூட்டம் செல்லுமாம். "கூப்பிட்டாலும் வரமாட்டாங்க பெரியம்மா. வர்ற ஆளா இருந்தா மெம்பரே ஆகியிருக்க மாட்டாங்களே!" என்கிறான். வாழ்நாளெல்லாம் குடிமையியல் கற்பித்தவள் நான். இந்த வாதத்தைக் கேட்ட பிறகுதான் இம்மனுவை எழுத உட்கார்ந்தேன்.

7. பேரவை ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அநியாயம். கலைவிழாச் சட்டைக்கு நீலமா, கறுப்பா என்று வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு நடத்தியது. கல்லூரியே திரண்டு வாக்களித்தது. கள்ள வாக்கு விழுந்ததாகச் சண்டை நடந்து, மறு வாக்கெடுப்பும் நடந்தது. அதே குழுவில் மின்தூக்கி பற்றி வக்கீல் போட்ட செய்திக்கு இரண்டு கட்டைவிரல்கள் கிடைத்தன. ஒன்று என் வற்புறுத்தலால் தலைவர் போட்டது.

இம்மாணவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். அதையும் சொல்லிவிடுகிறேன். படிக்கட்டில் அவளைப் பார்த்த மற்ற வகுப்புப் பிரதிநிதிகள் நால்வர், "வா வக்கீல், ஒரு நாற்காலில உட்காரு, அப்படியே தூக்கிட்டுப் போறோம்" என்று நல்ல மனத்துடன்தான் கேட்டார்கள். "என்னைத் தூக்க வேணாம்டா. கூட்டத்துக்கு வந்து கையைத் தூக்குங்க, போதும்" என்றாள். நால்வரும், "அதெல்லாம் அரசியல், எங்களுக்கு வேணாம்" என்று நகர்ந்துவிட்டார்களாம். ஒரு பெண்ணை மூன்று மாடி சுமக்க வலுவுள்ள கைகளுக்குத் தம்மை ஓர் அடி உயர்த்த வலுவில்லை.

8. எனவே, செய்முறைத் தேர்வுக்கு முன் மின்தூக்கியைச் சரிசெய்யவும், அதுவரை அவளுடைய ஆய்வக வகுப்பைத் தரைத்தளத்தில் நடத்தவும், படியேறியதால் அவள் இழந்த வருகையை ஈடுசெய்யவும் ஆணையிட வேண்டுகிறேன். மேலும், இப்பேரவையைக் கலைத்துவிட்டு, நேரில் வந்து நிற்பவர்களை மட்டும் ஏற்கும் புதிய தேர்தலைத் தரைத்தளத்தில் நடத்த வேண்டுகிறேன். தலைவருக்கு ஆட்சேபம் இராது. கேட்டுவிட்டேன், படுத்தபடியே தலையசைத்தான்.

9. மாணவர் தொடர்பான மனுக்களின் மூலையில் 'பேரவையின் கருத்துக்கு' என்று எழுதி அனுப்புவது தங்கள் அலுவலக வழக்கம் என்று அறிகிறேன். இதிலும் அப்படி எழுதினால், மனு என் வீட்டு முகவரிக்கே வந்து சேரும். தலைவர் அதன்மேல் டீ டம்ளரை வைப்பார். நான் துடைத்துத் திரும்பத் தங்களுக்கே அனுப்புவேன்.

ஆகவே, ஐயா, இதன்மேல் எதையும் எழுதுவதற்கு முன் இம்மனுவை எடுத்துக்கொண்டு, ஒரு கையால் மட்டும் கைப்பிடியைப் பற்றி, வேதியியல் ஆய்வக வாசல் வரை படியேறிப் போய், தங்கள் ஆணையை அங்கே நின்று எழுதுங்கள்.

இடம்: கல்லூரிப் பின்வாசல் தெரு
நாள்: பருவத்தின் பத்தாம் வாரம், திங்கட்கிழமை

(ஒப்பம்)
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மாணவர் பேரவைத் தலைவரின் பெரியம்மா