ஏரிக்கரை ஆத்தாவுக்குப் பெயர் தேடியவருக்கு

கூடத்துப் படங்களின் கண்ணாடியைத் துடைக்கலாம் என்று ஈரத்துணியோடு போனவள், துடைக்காமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஆடி அமாவாசைக்கு வைத்த குங்குமம் காய்ந்து, ஏரிக்கரை ஆத்தாவின் நெற்றியிலிருந்து உதிர்ந்திருக்கிறது. பக்கத்தில் புதிதாக மாட்டிய உங்கள் படத்தில் பொட்டு அப்படியே இருக்கிறது. இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தபோது உங்களிடம் பேச வேண்டும் போலிருந்தது. வேறு எதற்கும் இல்லைங்க, பேச வேண்டும், அவ்வளவுதான்.

ஆத்தா படத்தை நீங்கள் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? ஏற்காட்டில் ஒரு பழைய எஸ்டேட் பங்களா கைமாறியபோது, மேசை நாற்காலிகளை இறக்கிவர நம் லாரி போயிருந்தது. குப்பையில் போட வைத்திருந்ததைக் கேட்டு வாங்கி, சீட்டுக்குப் பின்னால் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தீர்கள். டீத்தண்ணி நிறத்தில் ஒரு போட்டோ. மலைகளுக்கு நடுவே ஏரி, கரையில் ஒரு கல் வீடு, மேய்கிற செம்மறிகள், வாசற்படியில் முதுகில் கூடையோடு ஒரு கிழவி. மூலையில் வெள்ளை எழுத்தில் ஏதோ ஊர்ப்பெயரும் ஓர் எண்ணும். நீங்கள் முதலில் பார்த்தது ஆடுகளைத்தான். "ஏம்புள்ள, நம்ம மேச்சேரி ஆட்டுக்குத் தோலுதான் சட்ட. இதுகளப் பாரு, மெத்தையையே போத்திக்கிட்டு நிக்குதுக" என்று சிரித்தீர்கள்.

கூடத்தில் மாட்டிவிட்டு லோடு ஏற்றப் போய்விட்டீர்கள். திரும்பி வருவதற்குள் உங்கள் அம்மா அந்தக் கிழவிக்குப் பொட்டு வைத்து, சட்டத்துக்குப் பூவும் போட்டுவிட்டார். சுவரில் பழைய படம், அதில் வயசானவர் என்றால் செத்துப்போன பெரியவர் என்பதுதானே நம் வீடுகளில் வழக்கம். "அது யாரோ வெள்ளக்காரிங்க அத்தை" என்று நான் சொன்னதற்கு, "இருக்கட்டுமே, ஊட்டுக்கு வந்த பெரியவங்கள வெறும் நெத்தியோட வெக்கறதா?" என்றார். நீங்கள் அழித்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்று பார்த்தீர்கள். அழிக்கவில்லை.

சிக்கல் அமாவாசையன்று வந்தது. மாடிச் சுவரில் காக்கைக்குச் சோறு வைத்து, போனவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார் அத்தை. பெயர் சொல்லாமல் வைத்த சோறு யாருக்கும் போய்ச் சேராது என்பது அவர் நம்பிக்கை. கிழவியின் முறை வந்ததும் உங்களைத் திரும்பிப் பார்த்தார். "இந்தம்மா பேரென்ன சாமி?" நீங்கள் முழித்த முழி இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. "தெரியலைங்கம்மா. இப்போதைக்கு ஏரிக்கரை ஆத்தான்னு கூப்புடுங்க, விசாரிச்சுச் சொல்றேன்" என்றீர்கள்.

அத்தை போன பிறகும், லாரியை விற்ற பிறகும் அந்த விசாரிப்பை நீங்கள் விடவில்லை. ஏற்காட்டில் கேட்டீர்கள், சேலத்துப் பழைய ஸ்டூடியோக்களில் கேட்டீர்கள். நடுவில் என்னையும் வம்புக்கு இழுப்பீர்கள். "எம்பேரையே வாயால சொல்லாதவ நீ, ஆத்தா பேருக்கு எங்க ஒதவப்போற?" கட்டிக்கொண்டவர் பெயரைச் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள் நான். ஆஸ்பத்திரியில் கேட்டால்கூட மகளைத்தான் சொல்லச் சொல்வேன்.

மூலையிலிருந்த எழுத்தைப் படித்து, ஊர் ஸ்காட்லாந்தில் இருக்கிறது என்று சொன்னவள் மகள்தான். அந்த நாட்டுக்கே அவள் படிக்கப் போனதும் தினமும் நச்சரித்தீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய போட்டோக்களைச் சேர்த்து வைத்திருக்கும் இடத்துக்குப் போய்வந்து போன் பண்ணினாள். அந்தக் காலத்தில் குதிரை வண்டியில் கண்ணாடித் தகடுகளை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவார்களாம். தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் படம் பிடித்து, அங்கேயே ஒரு கூடாரத்துக்குள் கழுவுவார்களாம். ரயிலேறி ஊர் பார்க்க வருகிறவர்களுக்கும், கடல் தாண்டிப் போய்ச் சொந்த ஊரை நினைத்து ஏங்குகிறவர்களுக்கும் அச்சுப்போட்டு விற்பார்களாம். வானம் வெறும் வெள்ளையாக விழும் என்பதால், வேறொரு நாள் எடுத்த மேகத்தை அதன் மேல் சேர்ப்பதும் உண்டாம். "அட, நம்மூரு ஸ்டூடியோக்காரன் வேலதான்!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தீர்கள்.

அவள் அடுத்துச் சொன்னதற்குச் சிரிக்கவில்லை.

"அப்பா, அந்தப் பக்கத்து மலையெல்லாம் முன்ன சனங்க குடியிருந்த எடமாம். ஆடு மேய்ச்சா லாபம்னு நெலத்துக்காரங்க அவங்கள வெரட்டி உட்டுட்டாங்களாம். போகாம தங்கிப்போனவங்கள்ல இந்தப் பாட்டியும் ஒருத்தரா இருக்கலாங்கறாங்க."

"பேரு?"

"எழுதி வெக்கலைங்கப்பா. எங்கயுமே இல்லையாம்."

போனை என் கையில் திணித்துவிட்டு எழுந்துவிட்டீர்கள். "ஊருப் பேரு எழுதிருக்கறான், நெம்பரு எழுதிருக்கறான். லாரி நெத்தில நாம புள்ள பேர எழுதி வெக்கலையா? அந்தம்மா பேரு எழுத மட்டும் எடமில்லாமப் போச்சா?" அன்று நீங்கள் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அந்த ஆடுகளைப் பற்றி வேடிக்கை பேசியதும் இல்லை. ஆனால் ஒவ்வொரு அமாவாசைக்கும் மாடியில் நின்று, 'ஏரிக்கரை ஆத்தா' என்று அத்தையைவிடச் சத்தமாகக் கூப்பிட்டீர்கள்.

தை மாதத்தில் நீங்களும் போய்விட்டீர்கள். வாழப்பாடி ரோட்டில் லாரிமேல் சாய்ந்து நிற்பீர்களே, அந்தப் போட்டோவைத்தான் பெரிதாக்கக் கொடுத்தேன். ஸ்டூடியோக்காரர், "பின்னால ரொம்ப வெளுத்துக் கெடக்குதுங்க, நீல வானம் வெச்சுத் தரட்டுங்களா?" என்று கேட்டார். "அன்னிக்கு இருந்த வானமே இருக்கட்டுங்க" என்றேன். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

நீங்கள் போன பிறகு வந்த ஆடி அமாவாசைக்கு மகளால் வர முடியவில்லை. மாடியில் நான் மட்டும். உங்கள் அப்பா அம்மாவை மாமா, அத்தை என்று முறை சொல்லியே கூப்பிட்டேன், அந்த முறைக்கு அவர்கள் வந்துவிடுவார்கள். ஏரிக்கரை ஆத்தாவைக் கூப்பிட்டேன். உங்கள் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். காலமெல்லாம் நான் கூப்பிட்டது 'ஏனுங்க' என்றுதானே? ஏனுங்க என்றால் தெருவே திரும்பும். பெயர் தெரியாமல் போன கிழவிக்காக அன்று சாப்பிடாமல் இருந்த மனுசரைப் பெயரில்லாமல் நிறுத்தி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால் கூப்பிட்டேன். உங்கள் பெயரை, முழுசாக, சத்தமாக. பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். முதலில் வாய் கூசியது, அப்புறம் கூசவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டது சோற்றுக்காக இல்லைங்க.

இப்போது வீட்டில் சும்மா இருக்கும்போதும் கூப்பிடுகிறேன். இத்தனை அழகான பெயரை இத்தனை வருசம் எப்படிச் சொல்லாமல் இருந்தேன் என்று தெரியவில்லை. நன்றாகத்தான் வருகிறது வாயில். "என்ன புள்ள?" என்று கேட்கத்தான் ஆளில்லை.