பொல்லாத பக்கத்து வீட்டுக்காரி

கரந்தை, தஞ்சாவூர்
16.6.2024

அன்புள்ள பிரகதா,

நீயும் நடராசன் அண்ணனும் நலம்தானே? எனக்கு முழங்கால் தவிர மற்றதெல்லாம் நலம். போனில் சொல்ல வேண்டிய செய்திதான். ஆனால் உனக்கு ஸ்பீக்கரில் போடாமல் பேசத் தெரியாது. அண்ணன் கூடத்தில் உட்கார்ந்து கேட்டு நடுவில் யோசனை வேறு சொல்வார். அதனால் நர்சிங் ஹாஸ்டலை விட்ட நாளிலிருந்து எழுதுவது போலவே இதையும் எழுதுகிறேன்.

என் பக்கத்து வீடு விலைக்கு வருகிறது! ஃபாஜில் தம்பி கோயம்புத்தூரோடு போய்விட்டார், இனி திரும்ப மாட்டாராம். சாவி என்னிடம்தான் இருக்கிறது. இரண்டு அறை, சிவப்புத் தரை, வெளிச்சமான சமையலறை, பின்னால் கிணறு. முப்பத்தாறு லட்சம் சொல்கிறார், கொஞ்சம் குறைப்பார். பைபாஸ் பக்கம் அந்தக் காசுக்கு என்ன கிடைக்கும், சொல்லு.

இங்கே காலை ஐந்து மணிக்குப் பால் வந்துவிடும். மார்க்கெட், பஸ், மருந்துக் கடை எல்லாம் நடக்கிற தூரம். எதிரே ரஹ்மத் பீவி இட்லிக் கடை. தினமும் காலையில் நான் அங்கேதான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். ரிடையர் ஆனதே மறந்துபோகிறது.

வாடகை வீட்டில் இருபத்தேழு வருடம் இருந்தது போதும். வந்துவிடு. கடைசிக் காலத்தில் நாம் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம் என்று ஹாஸ்டல் மொட்டை மாடியில் பேசினோமே, ஞாபகம் இருக்கிறதா?

உன்
வேம்பு


மயிலாடுதுறை
25.6.2024

அடி வேம்பு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. எப்படி உனக்குத் தெரிந்தது? வீட்டு ஓனர் போன வாரம்தான் வந்து, தை பிறப்பதற்குள் காலி செய்யச் சொன்னார். இடித்துக் கட்டப் போகிறாராம்.

என் பிள்ளை சூர்யபிரகாஷ் ஒரு மனையைக் காட்டினான். போய்ப் பார்த்தேன். வாசலில் பெரிய வளைவு, அதில் தங்க எழுத்தில் ஏதோ நகர் என்று பெயர். உள்ளே போனால் கருவேல மரமும் நான்கு ஆடும்தான். "அஞ்சு வருஷத்துல எங்கயோ போயிடும்மா" என்கிறான். அதற்குள் நான் எங்கேயாவது போய்விடுவேன் என்றேன்.

இவருக்கும் கரந்தை என்றால் சம்மதம்தான். ஆனால் எங்கள் பணம் போக மீதிக்குக் கடன் வாங்குவது மருமகள் பூர்ணிமா பெயரில். அவள் சரி என்றால்தான் ஆகும். கத்திரிக்காயைக்கூட நாலு கடை விசாரிக்காமல் வாங்க மாட்டாள். திருச்சியிலிருந்து ஒருநாள் வந்து பார்க்கச் சொல்கிறேன். ஆடியில் வீட்டுப் பேச்சு வேண்டாம் என்று இவர் பிடிவாதம். ஆவணி பிறக்கட்டும். அதுவரை வேறு யாருக்கும் போகாமல் பார்த்துக்கொள், உனக்குப் புண்ணியமாகப் போகும்.

உன்
பிரகதாம்பாள்


கரந்தை
29.7.2024

அன்புள்ள பிரகதா,

கவலைப்படாதே. வீடு பத்திரமாக இருக்கிறது. ஆடியில் பத்திரம் பதியத்தான் மாட்டார்கள், பார்க்க வருவதற்கென்ன? இதுவரை நாலு குடும்பம் வந்துவிட்டது. நாலும் வந்த வழியே திரும்பிவிட்டது. எப்படி என்று மட்டும் கேட்காதே. நேரில் வரும்போது சொல்கிறேன், வயிறு வலிக்கச் சிரிப்பாய். ஃபாஜில் தம்பியை நினைத்தால்தான் மனசு கொஞ்சம் உறுத்துகிறது. உனக்காக அதையும் பொறுத்துக்கொள்கிறேன்.

வடவாற்றில் தண்ணீர் வரட்டும், நீ வா. கரையோரம் சாயங்காலம் நடக்கலாம். உன் மருமகளைக் கல்யாணப் போட்டோவில் மேக்கப்போடு பார்த்ததுதான். கொரோனாவில் ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்று நீங்கள் என்னைக் கழித்துவிட்டீர்கள். அவளுக்கு நானே கோலாமீன் குழம்பு வைத்துப் போடுகிறேன் என்று சொல்.

உன்
வேம்பு


மயிலாடுதுறை
19.8.2024

அன்புள்ள வேம்பு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலையில் பூர்ணிமா கரந்தைக்கு வந்திருந்தாள். வீட்டை வெளியிலிருந்து பார்த்தாள். அக்கம்பக்கத்தில் விசாரித்தாள். இது நமக்குச் சரிப்படாது என்று சொல்லிவிட்டாள்.

காரணத்தை எழுத எனக்கு மனம் வரவில்லை. எழுதினால் உனக்குத்தான் வருத்தம். ஃபாஜில் தம்பியிடம் வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல். சூர்யா அந்த மனைக்கே முன்பணம் கட்டப் போகிறான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பிரகதாம்பாள்


கரந்தை
26.8.2024

பிரகதா,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். காரணம் எழுத வேண்டாம். அக்கம்பக்கம் என்று நீ எழுதிய ஒரு வார்த்தை போதும். அந்த வீட்டுக்குப் பக்கம் என்றால் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் எங்கும் போகவில்லை, எதிர்க் கடையில்தான் இருந்தேன். அவ்வளவு தூரம் வந்த பெண் என்னைத் தேடவில்லை, ஒரு வாய் தண்ணீர் கேட்கவில்லை. உங்கள் தெருவும் எங்கள் தெருவும் வேறு வேறு என்பது எனக்குத் தெரியாததா? 1983 பொங்கலுக்குப் பாபநாசத்தில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். எல்லோருக்கும் பித்தளை டம்ளரில் காபி வந்தது, எனக்கு மட்டும் கண்ணாடி டம்ளரில் வந்தது. நாற்பத்தொரு வருடத்தில் அதைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நீ வேறு என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்க ஆசைப்படுகிறேன், முடியவில்லை.

ஃபாஜில் தம்பிக்குச் சொல்லிவிட்டேன். யார் வந்தாலும் இனி நானே கதவைத் திறந்து காட்டுகிறேன்.

வேம்பு


மயிலாடுதுறை
30.8.2024

அடியே வேம்பு,

உன் தலையில் நாலு குட்டு வைக்க வேண்டும் போலிருக்கிறது. உன் கடிதத்தைப் படித்து அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. காரணம்தானே வேண்டும்? எழுதுகிறேன், கேள்.

பூர்ணிமா உன் வீட்டுக்குத்தான் முதலில் போனாள். பூட்டியிருந்தது. யாரென்று சொல்லாமல் விசாரித்தால்தான் உண்மை வரும் என்று எதிர்க் கடையில் கேட்டிருக்கிறாள். அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா இவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்து, இட்லி வாங்கிக் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னாராம். மழை வந்தால் சமையலறை ஒழுகும். ஐப்பசியில் வடவாற்றுத் தண்ணீர் முழங்கால் வரை உள்ளே வரும். குரங்குத் தொல்லை. கிணற்றில் பாம்பு. இதையெல்லாம் நான் நம்பவில்லை. நம்பியிருந்தாலும் வந்திருப்பேன்.

கடைசியில் சொன்னதுதான் என்னால் எழுத முடியாமல் போனது. "பக்கத்து வீட்டுல ஒரு நர்சம்மா இருக்காம்மா. பொல்லாதவ. குப்பைய செவுத்துக்கு அந்தப் பக்கம் கொட்டுவா. அவகிட்ட தாக்குப் பிடிக்க முடியாமத்தான் முன்னாடி இருந்தவங்க ஊரை விட்டே போனாங்க." தெருவே உன்னைப் பற்றி இப்படிப் பேசுகிறது என்று உனக்கு எப்படி எழுதுவேன்? உன்னைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்று நீ எழுதியதையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். பாவம், தனியாக இருப்பவள் ஆசைக்கு எழுதியிருக்கிறாள் என்று நினைத்தேன்.

இங்கே வரை எழுதிவிட்டு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பூர்ணிமாவுக்குப் போன் போட்டு, அந்த அம்மா எப்படி இருந்தார் என்று கேட்டேன். "நல்ல உயரம் அத்தை. கிராம்பு மென்னுக்கிட்டே இருந்தாங்க. இடது புருவத்துல ஒரு தழும்பு. ரொம்ப நல்ல மனுஷி, அவங்க ஒருத்தர்தான் உண்மையச் சொன்னாங்க."

வார்டன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வல்லம் ரோட்டில் விழுந்தோமே, அந்தத் தழும்பு. வேம்பு, அது நீதானே?

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். இவர் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழப் பார்த்தார்.

இப்போது டம்ளர். அன்று நீ போன பிறகு அம்மாவிடம் சண்டை போட்டேன், இனி எனக்கும் கண்ணாடி டம்ளர்தான் என்று. இன்றுவரை அதில்தான் குடிக்கிறேன். மாமியார் வீட்டில் அதை ஸ்டைல் என்று கேலி செய்தார்கள். ஆனால் உன் முன்னால் அந்தச் சண்டையைப் போட்டிருக்க வேண்டும். நான் போடவில்லை, தலையைக் குனிந்துகொண்டு காபியைக் குடித்தேன். அது என் தப்புதான் வேம்பு. இவ்வளவு நாள் கழித்துச் சொல்வதற்கு மன்னித்துக்கொள்.

உன்னோடு இருக்க வேண்டும் என்றுதான் எனக்கு அந்த வீடு. இல்லாவிட்டால் எனக்கெதற்குக் கரந்தை?

உன்
பிரகதா


கரந்தை
3.9.2024, கொரியரில்

என் கண்ணு பிரகதா,

நான்தான். நான்தான் அந்தப் பொல்லாதவள். முதல் நாலு குடும்பத்துக்கும் குரங்கும் பாம்பும் போதுமாக இருந்தது. ஐந்தாவதாக வந்த பெண் எதற்கும் அசையவில்லை. குரங்கை விரட்டிக்கலாம் என்கிறாள், ஒழுகினால் பூசிக்கலாம் என்கிறாள். வேறு வழியில்லாமல் என்னைப் பற்றியே எடுத்துவிட்டேன். தலையைச் சுற்றித் துப்பட்டாவும் கூலிங் கிளாசுமாக இருந்தவள் உன் மருமகள் என்று எனக்கு எப்படித் தெரியும்? ரஹ்மத் பீவி மாவு கரைத்துக்கொண்டே, "வேம்பு, இது நல்லா இல்ல, ஒருநாள் மாட்டிக்குவே" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார். இன்று உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். டம்ளர் பற்றி வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அந்தக் காபியை இத்தனை வருடம் நான் மட்டும் சுமந்துகொண்டிருந்ததாக நினைத்தேன். நீயும் சுமந்திருக்கிறாய். விடு, இனி அதை இறக்கி வைப்போம்.

ஆனால் ஒரு ஆபத்து. உன்மேல் இருந்த கோபத்தில், போன சனிக்கிழமை வந்த அன்பரசன் வாத்தியார் குடும்பத்துக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். அவர்களுக்கு வீடு பிடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை முன்பணம் கொண்டு வருகிறார்கள். இன்னொரு முறை பொய் சொல்ல எனக்கு வாய் வராது. ஃபாஜில் தம்பியிடமும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "அதான் ரெண்டு மாசமா ஒருத்தரும் திரும்பி வரலையாக்கா?" என்று திட்டினார், நன்றாகவே திட்டினார். அப்புறம், வெள்ளிக்கிழமைக்குள் யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கே என்றார்.

போன் செய்தேன். அண்ணன் எடுத்து, "யாரு, இட்லிக் கடை அம்மாவா?" என்றார். வெட்கத்தில் வைத்துவிட்டேன். பூர்ணிமாவை உடனே அனுப்பு. இந்த முறை நான் வாயே திறக்க மாட்டேன். அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

உன்
வேம்பு


கரந்தை, உன் பக்கத்து வீடு
2.12.2024

அன்புள்ள வேம்பு,

பால் காய்ச்சி எட்டு நாள் ஆகிறது. இதைச் சுவருக்கு மேலாகப் போடுகிறேன், தபால்தலை மிச்சம்.

செப்டம்பரில் அந்த வியாழக்கிழமை பூர்ணிமா வீடு பார்க்க வந்தபோது மழை கொட்டியதே, அதற்கு நான் ஒரு தேங்காய் உடைக்க வேண்டும். சமையலறையில் ஒரு மணி நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாளாம், ஒரு சொட்டு விழவில்லை. அன்பரசன் சாருக்கு நீ முழங்கால் வலியோடு அலைந்து அடுத்த சந்தில் வீடு பார்த்துக் கொடுத்ததைத் தெருவே சொல்கிறது. இந்தத் தெரு உன்னைப் பற்றி நல்லதாகத்தான் பேசுகிறது. விசாரித்துவிட்டேன்.

ஆனால் ஒரு புகார். இன்று காலை உன் முருங்கை மரத்துச் சருகு முழுவதும் என் கிணற்றடியில் கிடந்தது. சுவரைத் தாண்டிக் குப்பை வரும் என்று இட்லிக் கடையில் ஒரு நல்ல மனுஷி முன்பே சொன்னார், நான்தான் கேட்கவில்லை.

கூட்டிவிட்டேன். காபி இறக்கி வைத்திருக்கிறேன். இவருக்குப் பித்தளை டம்ளர். கண்ணாடி டம்ளர் இரண்டு, நம் இருவருக்கும். ஆறுவதற்குள் வா.

உன்
பிரகதா