நீ ஊற்றிய நாலு குடம்

உன் சட்டைகளை யாருக்கோ கொடுப்பதற்காக உன் வீட்டுக்காரி பெட்டியைத் திறந்திருக்கிறாள். ஒரு சட்டைப் பையில் என் வீட்டுப் பின்கதவுச் சாவி இருந்திருக்கிறது. போன மாதம் கொண்டுவந்து கொடுத்தாள். அது இப்போது என் மேசையில், அளவுகோலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

தனியாக இருக்கிறவன், விழுந்து கிடந்தால் யாராவது வந்து பார்க்க வேண்டுமே என்று உன்னிடம் கொடுத்து வைத்த சாவி அது. பக்கத்து வீடு, நாற்பது வருடப் பழக்கம். வேறு யாரிடம் கொடுப்பேன்?

“நல்லவேளை, இந்தச் சாவிக்கு ஒரு நாளும் வேலை வரல” என்றேன்.

“என்னண்ணே இப்புடிச் சொல்றீக? செவ்வாயும் சனியும் நீங்க உண்டுட்டுக் கண்ணசந்ததும் ரெண்டு ரெண்டு குடம் கொண்டுபோயி ஒங்க கத்தரிக்கு ஊத்திட்டு வருவாகளே! ‘ஆசாரிகிட்ட மூச்சு விட்டுறாதே, மனசு ஒடைஞ்சு போயிருவான்’னு என்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாக. இனிமே என்ன, அவுகளே போயிட்டாக.”

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் விரல் விட்டு எண்ணினேன்: வாரத்துக்கு நாலு குடம்.

பாத்தி பத்தடி நீளம், நாலடி அகலம். வாரத்துக்கு ஓர் அங்குலத் தண்ணீர் போதும் என்று எங்கோ படித்திருந்தேன். மரத்துக்குக் கன அடி போட்டே வாழ்ந்தவனுக்கு அது ஒரு கணக்கா? மூன்றே கால் கன அடிக்குக் கொஞ்சம் கூட. லிட்டராக்கி, குடமாக்கி, வாரத்துக்கு ஆறு குடம் என்று முடித்தேன். திங்கள் மூன்று, வியாழன் மூன்று. அன்று நீ மண்ணை அள்ளி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாய்.

“ஏ ஆசாரி, மண்ணு என்ன தேக்குப் பலகையா? அளந்தது அளந்த எடத்துலயே நிக்குமா?”

“உழுதவனுக்குக் கணக்கு வராது, நீ போப்பா” என்றேன்.

நீயும் சிரித்தாய். ஆறு குடத்தில் என் கத்தரி கருகருவென்று நின்றது. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். நீ பக்கத்திலிருந்து தலையாட்டினாய். நான் ஒரு நாளும் பாத்தியில் பரப்பிய சருகை விலக்கி மண்ணைத் தொட்டுப் பார்க்கவில்லை. கணக்கு சரியாக இருக்கும்போது எதற்குத் தொட வேண்டும்?

அதோடு போயிருந்தால் உன்னைக் கேலி பேசிவிட்டு விட்டிருப்பேன். ஆனால் திருப்பத்தூரில் கிணறு வற்றித் தண்ணீரைச் சுமந்து ஊற்ற வேண்டியிருந்த என் தங்கச்சி, அதே அளவில் பாத்தி போட்டு, எவ்வளவு ஊற்றுவது என்று என்னைக் கேட்டாள். ஆறு குடம் என்றேன். ஒன்றரை மாதம் கழித்துக் காய்ந்த செடியொன்றைப் பிடுங்கிக்கொண்டு நேரே என் பாத்திக்கு வந்து நின்றாள்.

“அண்ணே, நீ சொன்ன ஆறு கொடத்துல ஒரு சொட்டுக் கொறைக்கல. எல்லாம் கருகிப்போச்சு.”

“பாதியக் கொண்டாரையிலயே சிந்தியிருப்பே. இங்கன பாரு, இதுவும் அதே ஆறு கொடந்தான். வாய் கூசாமப் பொய் சொல்லாதே.”

“ஒரு கத்தரிக்காய்க்காண்ணே நான் பொய் சொல்லப்போறேன்?”

நீ வேலியோரம் நின்றிருந்தாய். அவள் உன்னையும் பார்த்தாள். நீ குனிந்து, விழாத வேட்டியை இறுக்கிக் கட்டினாய். அவள் காப்பியைத் தொடாமல் பேருந்துக்குப் போய்விட்டாள். அவள் பேத்தி காதுகுத்துக்குப் பத்திரிகை தபாலில் வந்தது. கூடப் பிறந்தவனுக்குத் தபாலில்! நானும் போகவில்லை. இரண்டு வருடமாயிற்று. அதற்குப் பிறகும் எத்தனை சாயங்காலம் நீ என்னோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டாய்? அவள் ரோஷக்காரி என்று நான் திட்டும்போதெல்லாம் “விடப்பா” என்றாய். அந்த ஒரு வார்த்தைக்குப் பதில் இன்னொரு வார்த்தை உனக்கு வரவில்லை.

என் மனசு உடையும் என்று பயந்தாய். அவள் மனசு உடைந்ததைக் கண்ணால் பார்த்தாயே.

கார்த்திகையில் நீ போய்விட்டாய். தையில் வைத்த நாற்று பங்குனியில் தலை சாய்ந்தது. விதை சரியில்லை என்று காரைக்குடிக் கடைக்காரரிடம் சண்டை போட்டேன். சாவி வந்த பிறகுதான் மண்வெட்டியை எடுத்தேன். ஆறு குடத்துக்கு நாலு விரல் ஈரம், கீழே சரளை, புழுதி. புது நாற்று வைத்து, உன் நாலையும் சேர்த்துப் பத்தாக்கினேன். அடுத்த முறை ஊற்றும்வரை சாண் ஆழத்துக்கு ஈரம் நிற்கிறது. பலகைக்கு ரம்பம் தின்னும் சேதாரத்தை ஒரு நாளும் மறக்காதவன், வெயிலும் சரளையும் தின்பதற்குச் சேதாரம் விடவில்லை. தப்பு என்னுடையதுதான். அதை நான் கண்டுபிடிக்க விடாமல் செய்தது நீ.

நாளை திருப்பத்தூர் போகிறேன். மன்னிப்பு என்ற சொல் என் வாயில் வராது. அவள் பாத்தியைத் தோண்டிக் காட்டிப் பத்துக் குடம் என்று சொல்வேன். அதில் நாலு குடம் யாருடையது என்பதையும் சொல்வேன். தெரிந்ததை வைத்துக்கொண்டு வேட்டியை இறுக்க எனக்குத் தெரியாது.

இன்று செவ்வாய். சாப்பிட்டாயிற்று. செவ்வாயும் சனியும் மதியத்தில் இப்போது எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. எழுந்துபோய் உன் இரண்டு குடத்தையும் நான்தான் ஊற்ற வேண்டும்.