உன் பக்கம் சொட்டாத குழாய்

குஷாய்குடா
27-3-1988, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 4.10

கடிதம் எண் 2
பொருள்: வண்டியின் மூச்சுக்குழாயை மாற்றியமைத்தது

என் அன்பின் ரூபிக்கு,

இன்று குருத்தோலை ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்து, உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். திருச்சபை மடலில் மற்றவர்களும் இதை வாசிப்பார்கள். ஆகவே உனக்குத் தெரிந்ததையும் விளக்கிச் சொல்வேன், பொறுத்துக்கொள்.

எஞ்சினின் அடியில் சேரும் எண்ணெய் ஆவி வெளியேற ஒரு குழாய் உண்டு, ப்ரீதர் என்பார்கள். நம் மோட்டார் சைக்கிளை வாங்கியபோது அது இடப்புறம், செயினுக்கு மேலே திறந்திருந்தது. நீ ஒருக்களித்து உட்கார்ந்து கால் வைப்பதும் அதே பக்கம். உன் சந்தன நிறப் பட்டில் எண்ணெய் தெறித்த நாளை நீ எப்போதும் ஈஸ்டர் என்பாய். இல்லை ரூபி, அது 26-3-1972, குருத்தோலை ஞாயிறு. கோவிலிலிருந்து திரும்புகையில் உன் ஒரு கையில் ஓலை, மறு கை என் தோளில். சேலையை இழுத்துப் பிடிக்க ஏது கை?

"சாமுவேல்னு பேரு வச்சிட்டா, கண்டவங்களுக்கெல்லாம் எண்ணெய் ஊத்தி அபிஷேகம் பண்ணிருவியளோ?" என்று வாசலிலேயே கேட்டாய். வேதாகமத்தில் ராஜாக்களுக்கு எண்ணெய் வார்த்தவர் சாமுவேல் அல்லவா, பக்கத்து வீட்டில் சிரித்தார்கள்.

மறுநாளே குழாயை ஏர் ஃபில்டருக்குள் திருப்பிவிட்டேன். அன்றுமுதல் எஞ்சின் தன் எண்ணெயைத் தானே குடித்தது. உன் சேலைகள் தப்பின.

இப்போது அதற்கும் வயதாகிவிட்டது. பிஸ்டன் ரிங் தேய்ந்து, ஆவி மிகுந்து, ஃபில்டர் நனைந்துவிடுகிறது. மல்லாபூர் தாண்டுமுன் வண்டி நின்றுபோகிறது. நம் மகள் கிரேஸ், "அம்மேஸ்தே போதுகதா, டாடி" என்கிறாள். விற்றுவிட்டால் தீர்ந்தது என்பதைத் தெலுங்கில் எத்தனை சுலபமாகச் சொல்லிவிடுகிறாள்! கோவிலுக்குப் போகும் வழியில் இன்னொரு முறை நின்றால் விற்றுவிடுவதாக நானும் வாக்குக் கொடுத்தேன்.

நேற்று மெக்கானிக் தாஸிடம் போனேன்.

"ப்ரீதரை ஃபில்டர்லேர்ந்து எடுத்துரணும் சார். பழையபடி லெஃப்ட்ல விடுங்க, செயினுக்கும் எண்ணெய் கெடைக்கும்."

"இடப்பக்கம் வேண்டாம். வலப்பக்கமாகப் பின்னால் கொண்டுபோ."

"கைக்கு சார், எதுக்கு? எவ்ளோ நீளம் பைப் வேணும்! லெஃப்ட்லதான் யாரும் உக்கார்றதில்லியே."

ஸ்பேனரை எடுத்து நீட்டினேன். அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"ஹவ் சார், சரி. பின்னாலயே விட்டுரலாம்" என்றான்.

சீட்டுக்கு அடியில் எங்கும் மடங்காமல், டயரிலும் சொட்டாமல், நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் முனையை இறக்கினோம்.

இன்று காலை, ஒரு சொட்டு விழுந்தாலும் தெரியட்டும் என்று, நீ கால் வைக்கும் கம்பியில் என் வெள்ளைக் கைக்குட்டையைக் கட்டினேன். கிரேஸ் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மல்லாபூர் வந்தது. வண்டி நிற்கவில்லை. செகந்திராபாத் வரை ஒரு இருமல்கூட இல்லை.

திரும்பும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். பின்னால் ஓலை பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. சேலை சக்கரத்தில் சிக்காமலிருக்க உன் பக்கம் வைத்த சாரி கார்டு கம்பியில் ஓலையைச் செருகினேன். காற்றில் அது வழியெல்லாம் என் முதுகை உரசிக்கொண்டே வந்தது. "மெதுவாப் போங்க" என்று நீ தட்டுவாயே, அந்த இடத்தில். தார்நாக்கா வளைவில் என்னையறியாமல் வேகத்தைக் குறைத்தேன். நீ இருந்தபோது ஏன் ஒரு தடவையாவது, சொல்வதற்கு முன்பே, குறைக்கவில்லை?

கிரேஸ் கேட்டைத் திறந்துவிட்டாள். விற்பதைப் பற்றிப் பேசவில்லை.

இந்த வண்டி ஓடும் நாள்வரைக்கும் உன் பக்கம் ஒரு சொட்டும் விழாது. இது என் வாக்கு. மடலுக்கு நகல்தான் போகிறது; அசலையும் இணைப்புகளையும் உன் சந்தன நிறப் பட்டின் மடிப்பில் வைக்கிறேன்.

என்றும் உன் வீட்டுக்காரன்,
சாமுவேல்

இணைப்பு:
1. புதிய குழாய் செல்லும் வழி, பென்சில் வரைபடம்.
2. ஃபில்டரிலிருந்து கழற்றிய பழைய குழாய்த் துண்டு, துடைத்தது.
3. இன்று கட்டியிருந்த கைக்குட்டை. துவைக்கவில்லை. விரித்துப் பார்.