ஏர் ஃபில்டரில் கட்டிய துண்டு

ஆனி கடைசி ஞாயிறு. சாரல்.

ஐந்தருவியில் குளித்துவிட்டுத் துண்டைத் தேடினேன். காணோம். சட்டையால் துவட்டினேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்போதுதான் உறைத்தது. காருக்குப் புதிதாகப் போட்ட, இன்ஜினுக்குக் காற்றிழுக்கும் பெரிய ஏர் ஃபில்டர் பம்பருக்குள் இருக்கிறது. சாரல் தண்ணீர் ஏறிவிடும் என்று அதில் துண்டைச் சுற்றிக் கட்டிய மேதாவி நான்தான்.

அது தெரியாமல், அருவிக்கு வரும் முன், மகள் ஜெயா காலையெல்லாம் ஒர்க்‌ஷாப்பில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு கேம் டைமிங்கை, அதாவது வால்வு திறந்து மூடும் நேரத்தை, மாற்றி மாற்றிப் பார்த்தாள். காற்று சரியாகப் போகாத இன்ஜினில் இழுவை எப்படிக் கூடும்? கூட்டிக் காட்டினால் வேலை தருவதாகச் சொன்ன ஒர்க்‌ஷாப் அண்ணாச்சி, “ஏட்டி, போயி தோசையைச் சுடு. இன்ஜினெல்லாம் ஒனக்குச் சரிப்படாது” என்றார். பெற்ற அப்பன் நானும் தலையாட்டினேன். தூ.

ராத்திரி சாப்பிடும்போது கேட்டாள்: “நான் எங்கனப்பா தப்பு விட்டேன்?”

“இன்னொரு தோசை வையிம்மா” என்றேன். தப்பு உன்னுடையதில்லை, என் துண்டு என்று மட்டும் சொல்லவில்லை.