மாப்பிள்ளை பிடித்த மீன்

9 ஜூன் 1996, ஞாயிறு
தலைப்பிரசவத்துக்கு மகள் வஜிஹா வந்திருக்கிறாள் அல்லவா, இன்று அவள் புருஷனும் வந்து சேர்ந்தான். முனீர் அகமது. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்கூட இல்லை. டிவியில் மாட்டி ஆடும் வீடியோ கேம் பெட்டி ஒன்று! பெங்களூர் மெஜஸ்டிக்கில் வாங்கினானாம். ஓசூர் கம்பெனியில் தகடு அடிக்கிற பிரஸ் மெஷின் ஓட்டுகிறவன், தகப்பனாகப் போகிறவன், இன்னும் பொம்மை கேட்குது.

11 ஜூன்
அந்தக் கண்றாவியைப் பார்த்தேன். நீலத் தண்ணீர், அதில் ஒரு தக்கை. தக்கை அமிழ்ந்தால் பட்டனை அமுக்க வேண்டும். மீன் வரும். அதைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு மறுபடி தக்கையைப் பார்க்கிறான். கொக்குகூடத் தின்பதற்குத்தான் ஒற்றைக்காலில் நிற்கிறது.

"மனசுக்கு நல்லா இருக்குது மாமா" என்றான். "அப்படிங்களா மாப்ள" என்றேன். வேறென்ன சொல்ல? அவன் இவன் எல்லாம் இந்த டைரியில்தான்.

12 ஜூன்
நம் சைக்கிள் கடையில் நல்ல வியாபாரம். ஷிஃப்டுக்குப் போகிற பையன்கள் பழைய ட்யூபைக் கீற்றாக வெட்டித் தரச் சொல்லி வாங்கிப் போகிறார்கள். கேரியரில் டிபன் கட்டத்தான் இருக்கும். அவர்கள் உழைக்கிற பிள்ளைகள்!

13 ஜூன்
கரண்ட் போச்சு. அணைந்த டிவியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

14 ஜூன், வெள்ளி
ஜும்மா முடிந்து வரும்போது ரசூல் காதில் போட்டான். அதே கம்பெனிக்காரன். "உங்க மருமவன் ரெண்டு வாரமா வேலைக்கே வரல பாய். இருபதாந் தேதிக்குள்ள வரலைன்னா பேர எடுத்துடுவாங்க."

லீவு என்றல்லவா சொன்னான்? பிள்ளை வரப்போகிறது, இவனுக்குத் தக்கை! வாழைப்பழச் சோம்பேறி. வீட்டில் கத்தினேன். "மெல்ல பேசுங்க, மாப்ள காதுல விழும்" என்கிறாள் என் வீட்டுக்காரி முனவர். விழட்டுமே! காது இருந்தால்தானே?

16 ஜூன், ஞாயிறு
கெலவரப்பள்ளி அணைக்கு இழுத்துக்கொண்டு போனேன். நிஜத் தூண்டில், நிஜப் புழு. மானம் இருந்தால் உறைக்கட்டும் என்று.

தக்கை அமிழ்ந்தது. "இழுங்க மாப்ள!" என்றேன். அவன் கை எழும்பவே இல்லை. தூண்டிலோடு மீன் போயே போச்சு. சீ, இதுவும் ஒரு ஆம்பிளையா?

திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னால் இருந்து பேசினான். பிரஸ்ஸில் ரெண்டு பட்டனாம். ரெண்டு கையாலும் அமுக்கினால்தான் மெஷின் இறங்கும், கைக்கு ஆபத்தில்லை. ஆனால் அப்படிச் செய்தால் சொன்ன பீஸ் தேறாது. அதனால் எல்லாரும் ஒரு பட்டனை அமுக்கியபடி கட்டிவிட்டு, ஒரு கையால் தகடு வைத்து மறு கையால் அமுக்குவார்களாம். போன மாசம் பக்கத்து மெஷின் முனிவேலுக்குக் கட்டிக் கொடுத்தது இவன்.

"நாலு விரல் போச்சு மாமா. நான்தான் கட்டுனேன்."

ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினேன்.

"டிவி வெளையாட்டுல அவசரப்பட்டா மீன்தான் போவுது" என்றான்.

எதை வைத்துக் கட்டினீங்க என்று கேட்டேன். ஏன்தான் கேட்டேனோ?

"ட்யூப் துண்டுதான். எல்லாரும் நம்ம கடையிலதான் வாங்குவாங்க."

17 ஜூன்
கடையில் தொங்குகிற ட்யூப் கீற்றுகளை எண்ணிப் பார்த்தேன்.

20 ஜூன்
மாப்பிள்ளை வேலைக்குப் போகவில்லை. நானும் போகச் சொல்லவில்லை. வஜிஹா என் முகத்தைப் பார்த்தாள். "கடையில ஆள் வேணும்மா" என்றேன்.

காலையில் ஒரு ஷிஃப்ட் பையன் வந்து ட்யூப் கீற்று கேட்டான். இல்லை என்றேன்.

"அங்க கொத்தா தொங்குதே பாய்?"

"அது விக்கிறதுக்கில்ல."

அவன் போனதும் அத்தனையையும் இறக்கி மூட்டை கட்டினேன். மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு வந்து மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்காமல் பட்டன் பெட்டியை என் கையில் கொடுத்தார்.

சனியன் பிடித்த விளையாட்டு. தக்கை அமிழ்ந்தது. என் கை அமுக்கவே இல்லை.

"விடுங்க மாமா, அது மறுபடி வரும்" என்றார்.