மூன்றாவது முறையும் முறிந்த கம்பி

மே 12, திங்கள்

இன்று கிளினிக்கில் பதினாறு பேர். கடையம் ஜெயசித்ராவுக்குப் பல்கம்பி மறுபடி முறிந்திருக்கிறது, மூன்று வாரத்தில் இரண்டாவது தடவை. முறுக்கா கரும்பா என்று கேட்டேன். "எதுவும் கடிக்கல டாக்டர். சோத்தக்கூட கொழச்சுதான் திங்கேன்." எல்லோரும் சொல்வதுதான். புதுக் கம்பி மாட்டி அனுப்பினேன்.

ஜூன் 2, திங்கள்

ஜெயசித்ராவின் கம்பி மூன்றாவது தடவையும் முறிந்திருக்கிறது. முனை குத்திக் கன்னத்தில் புண். பொறுமை போய்விட்டது. வெளியே இருந்த அவள் அப்பாவை உள்ளே கூப்பிட்டேன். இசக்கிதுரை, பட்டாளத்தில் இருந்து வந்து இப்போது வயல் பார்க்கிறவர். "கண்டதையும் தின்னுட்டு இல்லன்னு சாதிக்கா" என்று அவளை வைத்துக்கொண்டே சொன்னேன். அவள் சிகிச்சைக் கார்டில் சிவப்பு மையில் எழுதவும் செய்தேன்: 'சொன்னதைக் கேட்பதில்லை. உண்மை சொல்வதில்லை.'

அவர் அதைப் படித்தார். "போலீஸ் வேலைக்குப் போறவ பொய் சொல்லுதியா?" என்று மகளிடம் கேட்டார். உதட்டை விலக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் அவள் வாயில் மாட்டியிருந்தது. அவளால் பதில் சொல்ல முடியவில்லை. அதை நான் கழற்றியிருக்கலாம்.

ஜூன் 19, வியாழன்

ஜெயசித்ரா வரவில்லை. என் உதவியாளர் நாச்சியார் போன் போட்டாள், ஜெயசித்ராவின் அம்மா எடுத்தாராம். "அப்பாவும் மகளும் பேசிப் பதினேழு நாளாச்சாம் டாக்டர். பொய் சொல்லுதவளுக்கு யூனிஃபார்ம் எதுக்குன்னு கேக்காராம். ஓடப் போக வேண்டாம்னுட்டாராம்."

அடுத்த மாதக் கடைசியில் அவளுக்குப் போலீஸ் வேலைக்கான ஓட்டத் தேர்வு. ஒரு பல்கம்பிக்கா இவ்வளவு?

ஜூன் 20, வெள்ளி

முறிந்த மூன்று துண்டுகளையும் கார்டோடு கவரில் குத்தி வைத்திருந்தேன். இன்றுதான் லென்ஸில் பார்த்தேன். வழவழப்பாக இருக்க வேண்டிய கம்பி முழுக்கக் குழி குழியாக அரித்திருக்கிறது. கடினமானதைக் கடித்தால் பல்லில் ஒட்டிய பிராக்கெட்டும் பெயரும். மூன்று தடவையும் ஒன்றுகூடப் பெயரவில்லை. இது ஏன் என் கண்ணில் படவில்லை?

கார்டைத் திருப்பினேன். ஏப்ரல் மாதம், என் கையெழுத்து: பல்லில் வெள்ளைத் திட்டு, தினமும் இரவு ஃபுளோரைடு ஜெல், கொப்பளிக்கக் கூடாது.

டைட்டானியம் கலந்த கம்பி அது. மேலிருக்கும் மெல்லிய படலம்தான் அதற்குக் காவல். ஃபுளோரைடு அந்தப் படலத்தை அரிக்கும், வாயில் புளிப்பு சேர்ந்தால் இன்னும் வேகமாக அரிக்கும். கல்லூரியில் படித்து மார்க்கும் வாங்கியவள் நான்.

ஜெல்லை நிறுத்திக் கம்பியை மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது — இப்படியும் யோசித்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

அருவிக்கு வரும் சீசன் கூட்டத்துக்கு முன்னே குற்றாலத்திலிருந்து கிளம்பிக் கடையம் போனேன். இசக்கிதுரை நாற்காலி போட்டார். அவர் உட்காரவில்லை. மகளைக் கூப்பிடச் சொன்னேன்.

"காலையில ஓடும்போது வாயில ஏதாவது போடுவியா?"

"எலுமிச்சம்பழத் துண்டுல உப்புத் தொட்டு அடக்கிக்கிடுவேன். தாகம் எடுக்காது. எல்லாப் பிள்ளைகளும் செய்யுததுதான்."

இரவெல்லாம் நான் கொடுத்த ஜெல், விடிந்தால் எலுமிச்சை. ஜெல் எழுதும்போது இதை நான் கேட்டிருக்க வேண்டும். "கம்பி முறிஞ்சது என் தப்பு. அவ பொய் சொல்லல" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அப்பாவைப் பார்த்து, "நான் அன்னைக்கே சொன்னேன்லா" என்றாள்.

அவர் மகளைப் பார்த்தார். பிறகு, "செவப்பு மையில எழுதுனீங்கல்லா? பட்டாளத்துல அதுக்கு ரெட் இங்க் என்ட்ரின்னு பேரு. காலத்துக்கும் கூடவே வரும். எழுதுன நீங்களே அடிங்க. அவ பாக்கணும்" என்றார்.

ஜூன் 23, திங்கள்

சிவப்பு வரிகளைக் கோடு போட்டு அடித்தேன். கீழே எழுதினேன்: 'ஜெல் கொடுத்தது மருத்துவரின் தவறு. ஜெயசித்ரா சொன்னது உண்மை.' கையெழுத்து, தேதி. அவள் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் நாற்காலியில் சாய்ந்தாள். ஸ்டீல் கம்பி மாட்டினேன். ஜெல் நிறுத்தம்.

ஜூலை 28, திங்கள்

ஐந்து வாரம். கம்பி முறியவில்லை. வியாழக்கிழமை அவளுக்கு ஓட்டத் தேர்வு.

வெளியே அப்பாவின் குரல் கேட்டது. "ஏட்டி, கடைசி ரவுண்டுக்கு மூச்சை மிச்சம் வையி." அவள் ஏதோ சொல்ல, அவர் சிரித்தார்.

உள்ளே வந்ததும் வாயைத் திறக்கச் சொன்னேன், திறந்தாள். தேர்வுக்கு வாழ்த்துச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினாள். போகும்போது கார்டைக் கேட்டு வாங்கி, அன்று நான் அடித்த இடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.